அம்மை என்றால் எல்லாம் ஒன்றா? மனித வைரஸ்கள் பற்றி தருமபுரிப் பக்கம் கேட்ட கேள்விகள்

நுண்ணுயிரியல் சொல்லித்தருவது என் வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிகளுக்கும் மகளிர் குழுக் கூட்டங்களுக்கும் அவ்வப்போது பேசப் போவேன். பேச்சைவிட, முடிந்ததும் வருகிற கேள்விகள்தான் நன்றாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்டதும் உண்டு, பால் கறப்பவர்கள் கேட்டதும் உண்டு. வரிசை ஒழுங்காக இருக்காது.

காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்தால் போதாதா டீச்சர்? எதற்கு இந்தக் குடும்பம், பிரிவு எல்லாம்?

எந்த மருந்து என்பதே அதைப் பொறுத்ததுதான். அசைக்ளோவிர் என்ற மாத்திரை ஹெர்பெஸ் குடும்பத்து வைரஸ்களைக் கட்டுப்படுத்தும். அதை டெங்குக் காய்ச்சலுக்குக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. ஒசெல்டாமிவிர் இன்ஃபுளூயன்சாவுக்கு மட்டும். ஆன்டிபயாட்டிக் எந்த வைரஸையும் தொடாது; அது பாக்டீரியாவுக்கான மருந்து.

ஒரு வைரஸைப் பற்றி நான்கு கேள்வி கேட்கலாம். யாருக்குப் பங்காளி? உள்ளே மரபுச் செய்தி எழுதியிருப்பது டி.என்.ஏ.விலா, ஆர்.என்.ஏ.விலா? எந்த வழியாக வருகிறது? வந்து என்ன செய்கிறது? நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு விடை தெரிந்ததும் மற்ற மூன்றையும் ஊகித்துவிடுகிறோம், தப்பு நடப்பது அங்கேதான். ஒரே வீட்டுப் பங்காளிகளில் ஒருவர் லாரி ஓட்டுவார், ஒருவர் மாந்தோப்பு வைத்திருப்பார். ஓசூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் வந்தவர்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவதும் இல்லை.

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாம் ஒரே அம்மை தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் ஊரிலும் ஒரு வகைப்பாடு இருந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. உடம்பில் காய்ச்சலோடு கொப்புளமோ தடிப்போ வீக்கமோ வந்தால் அம்மை. கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பிரித்தார்கள். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் வேறு எப்படிப் பிரிக்க முடியும்?

உள்ளே திறந்து பார்த்தால் கதை வேறு. பெரியம்மை பாக்ஸ்விரிடே குடும்பம். இரட்டை இழை டி.என்.ஏ., சுமார் 1,86,000 மரபு எழுத்து நீளம். வைரஸ்களில் பெரிய தலை. இந்தியாவில் 1975-இல் ஒழிந்தது. உலகத்திலேயே இல்லை என்று 1980-இல் அறிவித்தார்கள். சின்னம்மையும் இரட்டை இழை டி.என்.ஏ.தான், ஆனால் அது ஹெர்பெஸ் குடும்பம். பெரியம்மைக்குத் தம்பி மாதிரி பெயர் வைத்திருக்கிறோம், உறவே கிடையாது. மணல்வாரி என்கிற தட்டம்மையில் இருப்பது ஆர்.என்.ஏ.; பாராமிக்சோவிரிடே குடும்பம். பொன்னுக்கு வீங்கி, அதாவது புட்டாளம்மை, இந்தத் தட்டம்மைக்குப் பங்காளி. ஒன்றில் உடம்பெல்லாம் தடிப்பு, இன்னொன்றில் கன்னம் மட்டும் வீக்கம். பார்த்தால் யாரும் சொந்தம் என்று சொல்லமாட்டார்கள். ரூபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மை இன்னொரு குடும்பம். ஆக, ஒரு பெயருக்குக் கீழே நான்கு குடும்பங்கள்.

நடைமுறையில் இதனால் என்ன? "எனக்குச் சின்ன வயசுலேயே அம்மை போட்டுடுச்சு, இனி வராது" என்று சொல்லும் கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறேன். எந்த அம்மை? சின்னம்மை வந்து போனால் ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு வராது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக 9 மாதத்திலும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் குழந்தைகளுக்குப் போடுவது இதற்காகத்தான்.

வாசலில் வேப்பிலை செருகுவதை நான் கிண்டல் செய்வதில்லை. "இந்த வீட்டில் அம்மை, உள்ளே வராதே" என்று தெருவுக்கே சொல்லும் பலகை அது. தட்டம்மை எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. மாரியம்மன் பெயரால் ஆள் வரத்து நின்றால் நல்லதுதான். ஆனால் குழந்தை மூச்சுத் திணறும்போதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணிக்கொண்டிருப்பது வேறு விஷயம். தட்டம்மையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வரும் நிமோனியா.

அக்கி வந்தால் காவி எழுதுகிறார்களே, அதுவும் அம்மையா?

நம் வகைப்பாடு அம்மையிலிருந்து அக்கியைப் பிரித்து வைத்தது. வைரஸைக் கேட்டால் இரண்டும் ஒன்றே என்று சொல்லும். சிறு வயதில் சின்னம்மை கொடுத்த அதே வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டுக்குப் பக்கத்து நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்ளும். முப்பது நாற்பது வருஷம் கழித்து, வயதாகியோ சர்க்கரை நோயிலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது, ஒரு நரம்பின் வழியாக வெளியே வரும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டை போல மட்டும் வருகிறது.

பாட்டிக்கு அக்கி, பேரனுக்கு அதிலிருந்து அக்கி வராது, சின்னம்மை வரலாம், அதுவரை வந்திராவிட்டால். கொப்புளத்து நீர் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. வைரஸுக்கான மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காவி எழுதப் போவதானால் போங்கள், மாத்திரையை விழுங்கிவிட்டுப் போங்கள்.

வைரஸ் குடும்பப் பெயர் எல்லாம் "விரிடே" என்று முடிகிறதே, யார் வைக்கிறார்கள்?

பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு என்று ஒன்று 1966-இலிருந்து இருக்கிறது. பல குடும்பங்கள் சேர்ந்த வரிசை என்றால் "விரேல்ஸ்", குடும்பம் என்றால் "விரிடே", குடும்பத்துக்குள் இருக்கும் பேரினம் என்றால் "வைரஸ்" என்று முடியும். பெயர்களில் சிரிக்கவும் விஷயம் உண்டு. ஃபிளாவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள். மஞ்சள் காய்ச்சல் வைரஸை வைத்து ஃபிளாவிவிரிடே. பிக்கோ என்றால் குட்டி, குட்டி ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால் பிக்கோர்னாவிரிடே.

பால்டிமோர் ஏழு பிரிவு மனப்பாடம் ஆகவே மாட்டேன் என்கிறது. எளிதாகச் சொல்ல முடியுமா?

மனப்பாடம் செய்யப் போவதால்தான் ஏறவில்லை. டேவிட் பால்டிமோர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1971-இல் கேட்ட ஒரே கேள்வியின் விடையை வைத்துத்தான் வைரஸ்களை ஏழு பிரிவாகப் பிரிக்கிறார்கள்: இந்த வைரஸ் நம் செல் படிக்கக்கூடிய செய்தியை, அதாவது தூது ஆர்.என்.ஏ.வை, எப்படி உண்டாக்குகிறது? செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமுக்கு அந்த ஒரு மொழிதான் தெரியும். எந்த வைரஸாக இருந்தாலும் கடைசியில் அந்த மொழிக்கு வந்தாக வேண்டும்.

அலுவலக ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்துகள் திருப்பிப் போட்டிருக்கும். நேராகப் படிக்க வராது. தாளில் அடித்தால்தான் படிக்கலாம். எதிர் இழை ஆர்.என்.ஏ. வைரஸ்கள் அந்த ஸ்டாம்ப் மாதிரி. தட்டம்மை, இன்ஃபுளூயன்சா, வெறிநாய்க்கடி, நிபா எல்லாம் இந்த ஐந்தாம் பிரிவு. அடித்துப் படி எடுக்கும் நொதி நம் செல்லில் இல்லை. அதனால் வைரஸே அதை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. நேர் இழை வைரஸ்கள் ஏற்கெனவே அடித்த தாள் மாதிரி. உள்ளே போனதும் ரைபோசோம் நேரே படிக்கத் தொடங்கிவிடும். டெங்கு, போலியோ, சிக்குன்குனியா, கொரோனா, மஞ்சள் காமாலை ஏ எல்லாம் நான்காம் பிரிவு. இந்த இரண்டும் புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதி எளிது. முதல் பிரிவு இரட்டை இழை டி.என்.ஏ.: ஹெர்பெஸ், பாக்ஸ், அடினோ, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா. இரண்டாவது ஒற்றை இழை டி.என்.ஏ.; மனிதரில் பார்வோ பி19 ஒன்றை நினைவு வைத்தால் போதும். மூன்றாவது இரட்டை இழை ஆர்.என்.ஏ.; குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா, 11 துண்டுகளாக இருக்கும்.

ஆறும் ஏழும் வேடிக்கையானவை. ஆறாவதில் எச்.ஐ.வி.: ஆர்.என்.ஏ.வாக வந்து, அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். ஏழாவதில் மஞ்சள் காமாலை பி: டி.என்.ஏ.வாக வரும், நடுவில் ஆர்.என்.ஏ. ஆகும், மறுபடி டி.என்.ஏ. ஆகும். இரண்டும் வேறு வேறு குடும்பம், வேறு நோய். ஆனால் திருப்பி எழுதும் நொதி இரண்டிலும் இருக்கிறது. அதனால்தான் டெனோஃபோவிர் என்ற ஒரே மாத்திரை எச்.ஐ.வி.க்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் கொடுக்கப்படுகிறது. இந்த நொதியை 1970-இல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் இதே பால்டிமோர். ஹோவார்டு டெமினும் தனியாகக் கண்டுபிடித்தார். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் "ஆர்.டி." என்பது இந்தத் திருப்பி எழுதும் நொதியைத்தான் குறிக்கிறது.

டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே கொசுவில் வருகின்றன. அப்படியானால் ஒரே குடும்பம் தானே?

ஓசூர் பஸ் உதாரணம் இதற்காகத்தான். ஏடிஸ் கொசு ஒரு பஸ். டெங்கு ஃபிளாவிவிரிடே, சிக்குன்குனியா டோகாவிரிடே. "ஆர்போ வைரஸ்" என்று புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அது குடும்பப் பெயர் அல்ல, பூச்சிக்கடியில் வருபவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த பெயர்.

தலைகீழாகவும் பாருங்கள். ஃபிளாவி குடும்பத்தில் டெங்கு ஏடிஸ் கொசுவில் வரும். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வயல் தண்ணீரில் பெருகும் க்யூலக்ஸ் கொசுவில். ஓசூரைத் தாண்டி கர்நாடகத்துக்குள் போனால், ஷிமோகா மாவட்டக் காட்டில் 1957-இல் கண்டுபிடித்த க்யாசனூர் காட்டு நோய், அதாவது குரங்குக் காய்ச்சல், உண்ணிக் கடியில். நெடுங்காலமாக இதே குடும்பத்தில் வைக்கப்பட்ட மஞ்சள் காமாலை சி வைரஸுக்குக் கொசுவும் வேண்டாம், உண்ணியும் வேண்டாம், ரத்தம் போதும்.

தடுப்புக்குக் குடும்பத்தைப் பார்க்காதீர்கள், பஸ்ஸைப் பாருங்கள். தண்ணீர் தினமும் வராத தெருக்களில் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் இல்லாத வீடு நம் பக்கம் அபூர்வம். ஏடிஸ் விரும்புவது சாக்கடையை அல்ல, நாம் குடிப்பதற்குப் பிடித்து வைத்த அந்த நல்ல தண்ணீரை. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், மூடி போட வேண்டும். இதைச் செய்தால் இரண்டு குடும்பமும் ஒரே நாளில் ஊரை விட்டு இறங்கும்.

டெங்குவில் மட்டும் ஒரு கூடுதல் வில்லங்கம்: நான்கு வகை இருக்கின்றன. ஒன்று வந்து போன பிறகு வேறொன்று வந்தால் இரண்டாவது முறை கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். "எனக்குப் போன வருஷமே வந்துடுச்சு" என்பது நிம்மதிக்கான காரணம் அல்ல. மூட்டு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

மஞ்சள் காமாலைக்கு ஏ, பி, சி, டி, இ என்று எழுத்து வைத்திருக்கிறார்களே, அண்ணன் தம்பிகளா?

ஐந்து எழுத்துக்கும் ஐந்து கதை. ஏ பிக்கோர்னா, பி ஹெபாட்னா, சி நெடுங்காலமாக ஃபிளாவி, இ ஹெபி குடும்பம். டி சொந்தச் சட்டை இல்லாதவன். வெறும் 1,700 எழுத்துதான் நீளம். பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கினால்தான் இன்னொரு செல்லுக்குப் போக முடியும். பி-க்குத் தடுப்பூசி போட்டால் டி-யும் வராது. ஐந்தும் கல்லீரலில் வந்து சேர்வதால் ஒரே பெயரும் எழுத்து வரிசையும் கிடைத்தன, வேறு உறவில்லை.

ஏ, இ இரண்டும் கெட்ட தண்ணீர், உணவு வழியாக வாயால் போகும். மற்ற மூன்றும் ரத்தம், ஊசி, உடலுறவு. தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். பி-க்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி போட வேண்டும்.

கீழாநெல்லியில் குணமாகிவிட்டது என்று என்னிடம் சத்தியம் செய்தவர்கள் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏ வகையும் இ வகையும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும்; அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பேர் கிடைக்கும். பி, சி இரண்டும் அடங்கியது போலக் காட்டிவிட்டு, இருபது வருஷம் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றாகவோ வரலாம். எந்த எழுத்து என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு அப்புறம் கீழாநெல்லியைப் பற்றிப் பேசலாம். சி-க்கு இப்போது பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே முழுக் குணம் இருக்கிறது. இ வகை கர்ப்பிணிக்கு ஆபத்தானது; வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

தக்காளிக் காய்ச்சல் என்கிறார்களே, தக்காளி தின்றால் வருமா?

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் கோபப்பட வேண்டிய பெயர். 2022-இல் கேரளத்தில் குழந்தைகளுக்குச் சிவப்புக் கொப்புளங்கள் வந்தபோது நிறத்தைப் பார்த்து வைத்தது. கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயின் ஒரு வடிவம். பிக்கோர்னா குடும்பத்து என்டெரோவைரஸ்கள் தருவது. தக்காளிச் செடிக்கும் இலைச்சுருட்டு வைரஸ் உண்டு, வெள்ளை ஈ பரப்பும். அது மனிதரைத் தொடாது.

மாட்டுக்குக் கோமாரி வந்திருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பயப்படணுமா?

போச்சம்பள்ளிச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போகும் ஒருவர் கேட்டது. கோமாரியும் பிக்கோர்னா குடும்பம்தான், குழந்தைகளுக்கு வரும் கை-கால்-வாய் நோய்க்குப் பங்காளி. ஆனால் வைரஸ் வேறு. மாட்டிலிருந்து மனிதருக்கு வருவது மிக மிக அரிது. தோல் கழலை நோயில் மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி வருகிறதே, அது பெரியம்மையின் குடும்பமான பாக்ஸ், மனிதருக்கு வராது. ஆட்டுக்கொல்லி நோய் தட்டம்மைக்கு மிக நெருங்கிய உறவு, அதுவும் வராது. பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். அது இந்த வைரஸ்களுக்காக அல்ல, எப்போதுமே.

குடும்ப உறவு கைகொடுத்த இடமும் இங்கே உண்டு. கழலை நோய் பரவியபோது மாடுகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசியைப் போட்டார்கள். இரண்டு வைரஸும் ஒரே பேரினம் என்பதால் ஒன்றுக்கான எதிர்ப்பு மற்றதையும் பிடித்தது. 1796-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் மாட்டம்மைச் சீழை வைத்துப் பெரியம்மையைத் தடுத்ததும் இதே கணக்குதான்.

சானிடைசர் எல்லா வைரஸையும் கொல்லுமா?

வைரஸ் சட்டை போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சில வைரஸ்கள் நம் செல்லை விட்டு வெளியே வரும்போது அதன் கொழுப்புச் சவ்விலேயே ஓர் உறை தைத்துக்கொண்டு வரும்: கொரோனா, இன்ஃபுளூயன்சா, எச்.ஐ.வி., வெறிநோய். கொழுப்பை சோப்பும் ஆல்கஹாலும் கரைக்கும். உறை போனால் வைரஸ் செத்தது. ரோட்டா, நோரோ, போலியோ, காமாலை ஏ எல்லாம் சட்டை போடாதவை. வெறும் புரத ஓடு. ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது, வயிற்று அமிலத்தையும் தாண்டும். அதனால்தான் வாய் வழியாகப் பரவுபவை பெரும்பாலும் இந்த வகை. இவற்றுக்கு சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிப் போக்குவதுதான் வழி.

உருவத்தை வைத்துப் பரவும் வழியை ஊகிக்க முடிகிற இடம் இது ஒன்றுதான். இதிலும் விலக்கு உண்டு: காமாலை பி உறை போட்டது, ஆனாலும் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிர்ப்போடு கிடக்கும். சவரக் கத்தியைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள் என்பது அதனால்.

நாய் கடித்தால் முதலில் சோப்பு என்பதும் இந்த உறைக்காகத்தான். குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு அன்றைக்கே ஊசி. துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் இருக்கும் இந்த வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏற நாள் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளிதான் நமக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு. அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

ஆர்.என்.ஏ. வைரஸ் அடிக்கடி மாறும் என்கிறார்கள். அப்படியானால் தட்டம்மை ஊசி மட்டும் எப்படி மாறாமல் வேலை செய்கிறது?

ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். ஆசிரியர்களே கேட்காத கேள்வி. ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிகள் பெரும்பாலும் பிழை திருத்தாது. இன்ஃபுளூயன்சா எட்டுத் துண்டாக வேறு இருப்பதால், இரண்டு வகை ஒரே செல்லில் சந்தித்தால் சீட்டுக் கட்டைப் போலக் கலந்துவிடும். அதனால் வருஷா வருஷம் ஊசியை மாற்றுகிறார்கள். தட்டம்மைக்கும் பிழை நேரும். ஆனால் அதன் மேற்பரப்புப் புரதத்தில் நம் எதிர்ப்புச் சக்தி பிடிக்கும் இடங்கள், வைரஸ் செல்லுக்குள் நுழையவும் தேவையான இடங்கள். அங்கே மாறினால் வைரஸுக்கே கதவு திறக்காது. கொரோனா இன்னொரு மாதிரி: சுமார் 30,000 எழுத்து நீளம், ஆர்.என்.ஏ. வைரஸுக்கு இது அதிகம். அதனால் ஓரளவு பிழை திருத்தும் நொதியும் வைத்திருக்கிறது.

நாங்கள் படித்த குடும்பப் பெயர் புதுப் புத்தகத்தில் வேறாக இருக்கிறதே, எது சரி?

இரண்டும் அந்தந்தக் காலத்தில் சரி. மரபு எழுத்துகளைப் படிக்கும் வசதி பெருகப் பெருகப் பழைய உறவுகள் ஆட்டம் காண்கின்றன. நான் படித்த நாளில் ரூபெல்லா சிக்குன்குனியாவோடு டோகாவிரிடேயில் இருந்தது. பிறகு அதற்கென்று மாடோனாவிரிடே என்று தனிக் குடும்பம் வைத்தார்கள்; ரூபெல்லா தனி நோய் என்று 1814-இல் சொன்ன ஜார்ஜ் டி மேடன் நினைவாக. ரோட்டா இருந்த ரியோவிரிடே இரண்டாகப் பிரிந்துவிட்டது. மனித ஹெர்பெஸ்கள் இருக்கும் குடும்பத்துக்கு இப்போது ஆர்த்தோஹெர்பெஸ்விரிடே என்று பெயர். தேர்வு எழுதுபவர்கள் உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள், திருத்துபவர் கையில் இருப்பதும் அதுதான். என் குறிப்பேட்டில் ரூபெல்லாவுக்கு நேரே இரண்டு முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன், பென்சிலில் எழுதியிருக்கலாம்.